திறக்காத படங்கள்

"திறக்கலைங்க ஐயா" என்று ரஞ்சனி மூன்றாம் முறையாகச் சொன்னபோது, பிச்சை தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வையா, வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் ரஞ்சனி நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர் அது. பெயர்தான் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், அடிக்கடி இருமும் ஒரு பிரிண்டர், சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் வருமானச் சான்றிதழுக்காகக் காத்திருந்த ரோசம்மாள், தன் முறை தள்ளிப்போவதை உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை அடித்த சூறைக்காற்றில் திருவெள்ளறைப் பக்கம் பல தோப்புகளில் வாழை சாய்ந்துவிட்டது. நிவாரணம் வேண்டுகிறவர்கள் சாய்ந்த வாழையைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். இன்று மாலையோடு கடைசி.

தளமோ கடும் ஆசாரம். ஜேபிஜி குலத்தில் பிறக்காத படத்தை வாசற்படி மிதிக்க விடாது. பிச்சையின் ஐபோன் எடுத்திருந்த படங்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற வேறு குலம். ரஞ்சனியின் பழைய கம்ப்யூட்டருக்கும் அந்தக் குலத்தோடு பேச்சுவார்த்தை இல்லை.

"சிங்கப்பூர்ல இருக்குற மவன் குடுத்த போன்மா. விலையைச் சொன்னா உனக்கு மயக்கம் வரும். ஒரு படம் ஏற மாட்டேங்குது பாரு."

"ஐபோன் வச்சிருக்கிறவருக்கு நிவாரணமாம்" என்றார் ரோசம்மாள், சுவரைப் பார்த்து. "எனக்கு வருமானமே இல்லைங்கறேன். அதுக்கு சர்டிபிகேட் கேக்குறாங்க."

"விழுந்தது வாழை, அக்கா. போன் இல்லை" என்றாள் ரஞ்சனி. விவசாயியின் அருமை பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கியவள் அவள். அந்தப் பரிசுக்கு நியாயம் செய்ய இப்படி ஒரு சந்தர்ப்பம் இதுவரை வாய்க்கவில்லை.

"நிவாரணம் வந்தாத்தான் அடுத்த கன்னு வைக்க முடியும்மா. இது போச்சுன்னா நிலம் சும்மாதான் கெடக்கணும்" என்றார் பிச்சை.

"கவலைப்படாதீங்க. கேபிள் போட்டு மாத்திடலாம். கொஞ்ச நேரத்து வேலை."

"கேபிள் வேணாம்மா." பிச்சை போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மண்ணச்சநல்லூர்ல ஒருத்தன் அப்படித்தான் மாத்தினான். டோல்கேட்ல ஒருத்தன் மாத்தினான். எதுவும் சரிப்பட்டு வரலை. வேற வழி ஏதாவது பாரும்மா."

தொழில் தெரியாதவர்களெல்லாம் கடை போட்டால் இப்படித்தான் என்று ரஞ்சனி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். "படத்தைக் காட்டுங்க, பார்ப்போம்."

போனில் படம் பளிச்சென்று இருந்தது. தோப்பே தரையில் கிடந்தது. முற்றாத தார்கள் மண்ணில் புதைந்திருந்தன. நடுவில் பிச்சையின் மனைவி வீராயி, முகக்கவசம் அணிந்தபடி, ஒடிந்த மரம் ஒன்றைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கொரோனா போய் இத்தனை வருஷம் ஆகியும் தோப்புத் தூசிக்கு முகக்கவசம் போடுகிற அளவுக்கு விவசாயிகள் முன்னேறிவிட்டார்களே என்று ரஞ்சனிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எல்லாமே போச்சா ஐயா?"

"அதுல நிக்கிறது ஒண்ணுகூட இல்லைம்மா."

ரோசம்மாள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சுவரோடு பேசிய குரல் இறங்கியது. "குலை தள்ளின மரமாச்சே. முதல்ல அவருக்குப் பாரு, ரஞ்சனி. என் வறுமை எங்கயும் போயிடாது."

தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர் சென்டர்களில் எந்த நோய்க்கும் கடைசியில் ஒரே வைத்தியம்தான். ரஞ்சனியும் அதையே சொன்னாள்.

"கடை நம்பருக்கு வாட்ஸப்புல அனுப்பிவிடுங்க."

பிச்சை அனுப்பினார். வாட்ஸப் படத்தை நசுக்கி, பிழிந்து, ஜேபிஜி ஆக்கி ரஞ்சனியின் திரையில் போட்டது. வீராயி கொஞ்சம் மங்கிப்போயிருந்தார். பளிச்சென்று இருந்த படத்தை விரட்டியடித்த தளம், மங்கலானதை மறுபேச்சில்லாமல் மடியில் வாங்கிக்கொண்டது.

பிச்சை மேஜைமேல் குனிந்து திரையையே பார்த்தார். "ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுங்க. ஆனா, படம் எடுத்த நாள்னு இங்க ஒரு கட்டம் இருக்கு. படத்தை ஏத்தினா அது தானா நிரம்பணும். இப்ப காலியா இருக்கு. நாமதான் கையால போடணும்."

"போன வெள்ளிக்கிழமைன்னு போடும்மா."

போட்டாள். கடைசிப் பொத்தானையும் அழுத்தினாள். தளம் பச்சை எழுத்தில் நன்றி சொன்னது. பிச்சை முதலில் கோபுரம் இருந்த திசைக்கும், அடுத்ததாகக் கம்ப்யூட்டருக்கும் ஒரு கும்பிடு போட்டார். ரோசம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டணத்துக்காக அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டபோது, ரஞ்சனி வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். செய்த வேலையில் ஒரு பழுது இருப்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா. வாட்ஸப் வழியா வந்ததால, படம் எடுத்த தேதி அதுல அழிஞ்சுபோச்சு."

பிச்சை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது அழியத்தானேம்மா இத்தனை கடை ஏறி இறங்கினேன்."