ஏழாவது பொட்டலம்

ஏழாவது பொட்டலத்தைப் பிரித்து நுண்ணோக்கியின் கீழ் கொட்டினான் ஏகநாதன்.

பல்லாவரம் பாறையிலிருந்து எடுத்த கறுப்பு அபிரகச் செதில்கள். அவற்றின் வயது ஆய்வகத்துக்கு முன்பே தெரியும். வேறு எந்தப் பாறையின் வயதைக் கணக்கிடுவதானாலும், ஐசோடோப்பு அளக்கும் இயந்திரத்தில் முதலில் இவற்றைப் போட்டுச் சரிபார்ப்பார்கள். தராசுக்கு எடைக்கல் போல.

ஆறு மாதமாக எடைக்கல்லே ஆடியது. ஒரு நாள் சரியான வயது. மறுநாள் நான்கு கோடி ஆண்டு குறைவு.

"மெஷின்தான் பேஜார் பண்ணுதுன்னு எழுதிடுங்களேன் சார். திரும்ப மொதல்லேர்ந்து அளந்தா எனக்கே வயசாயிடும்," என்றாள் ஆய்வு மாணவி ரத்தினபாய். அவள் ஆய்வேட்டிலிருந்த முப்பத்தொரு பாறைகளின் வயதும் இந்தச் செதில்களை நம்பி நின்றது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

இயந்திரத்தில் குறை இல்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போனது. செதில்கள் நடுங்கி நின்றன. கறுப்புக்கு நடுவே பச்சை.

பச்சைச் செதில் நீர் பட்டு உளுத்தது. பொய் வயது சொல்லும். அதை ஊசிமுனையால் ஒதுக்குவதுதான் பொறுக்குபவரின் வேலை.

முதல் ஆறு பொட்டலங்களில் ஒரு பச்சைகூட இல்லை. ஏழில் ஒன்பது. எட்டில் இருபத்திரண்டு. பன்னிரண்டாவதில் எண்ணுவதை நிறுத்தினான்.

ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் தேதி. ஏழாவதில் மார்ச் 4, 1991. எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது.

அறிக்கையில் எழுதினான்: ஆறு வரை நம்பலாம். மற்றவை கழிவு.

ரத்தினபாய் தன் நோட்டைப் புரட்டினாள். "பத்தொம்போது பொழச்சுது சார்," என்று சொல்லிவிட்டு, மீதிக்கு அவகாசம் கேட்க ஓடினாள்.

குறைக்கான காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. ஏகநாதன் ஸ்டோர் பதிவேட்டை எடுத்து அந்த மாதத்தைத் தேடினான்.

மார்ச் 5, நுண்ணோக்கி பல்பு ஒன்று. மார்ச் 19, பல்பு ஒன்று. ஏப்ரல் 2, பல்பு ஒன்று. மூன்றுக்கும் அவன் கையெழுத்து.

வெளிச்சம் போதவில்லை என்று செதில் பொறுக்கியவள் சொன்ன ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

அவள் பார்வையை மறைத்த மூளைக் கட்டி எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது ஜூலையில், எல்லாம் முடிந்த பிறகு.

பொறுக்கியவர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதினான்: தையல்நாயகி.

காரணம் என்ற இடத்தில் நெடுநேரம் பேனாவை வைத்திருந்தான். பிறகு எழுதினான்.

பல்பு நன்றாகவே இருந்தது.