ஏழு அடி

நகரமைப்பு அலுவலகத்தில், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார் அவர்.

எதிர் நாற்காலியில் நாச்சிமுத்து. சித்தப்பா மகன். வேலித் தகராறில் பேச்சு நின்று பத்து வருடம். சாவு விழுந்தால் தீட்டு மட்டும் இரண்டு வீட்டிலும் காப்பார்கள்.

மகள்கள் இருவருக்கும் வீடு கட்ட, தன் விவசாயக் காட்டைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றித் தரும்படி நாச்சிமுத்து மனுப் போட்டிருந்தான். பேப்பரில் அறிவிப்பைப் பார்த்த அன்றே அவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்று விசாரணை.

மேசைமேல் நகரத்தின் முழுமைத் திட்டப் படம் விரிந்து கிடந்தது. விவசாயம் எல்லாம் பச்சை. வீடுகள் எல்லாம் மஞ்சள்.

அதிகாரி சின்ன வயதுப் பெண். படத்தின்மேல் அளவுகோலை நகர்த்தினாள்.

"ஊர் மேற்க வளரணும்னுதான் திட்டத்துல இருக்கு. பக்கத்துல எல்லாம் மஞ்சள் ஆயிடுச்சு. தண்ணி நிக்கிற பள்ளமும் இல்ல."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அளவுகோல் நின்றது.

"நிலத்துக்குப் போற பாதை பதினாறு அடிதான் இருக்கு. இருபத்து மூணு வேணும். தள்ளுபடிதான் பண்ண முடியும்."

அவருடைய ஆட்சேபணையைப் படிக்கவே தேவையில்லாமல் போயிற்று.

ஜெயித்துவிட்டார்.

அவள் கோப்பை மூடினாள். நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"இதுகூடப் பாக்காமயா மனுப் போடுவீங்க? எடுத்துச் சொல்ல உங்க குடும்பத்துல விவரமான ஆள் ஒருத்தர்கூட இல்லையா?"

நாச்சிமுத்து தலை குனிந்தான்.

உச்சியில் வட்டமாக வழுக்கை. சித்தப்பாவுக்கு இருந்தது. அப்பாவுக்கும் இருந்தது. தினமும் தன் தலையில் அவர் கை தடவிப் பார்ப்பதும் அதே வட்டத்தைத்தான்.

அது ஒரு வெளியூர்க்காரி முன்னால் குனிந்திருந்தது.

"இருக்கேன்."

அவர் எழுந்து நின்றிருந்தார்.

"பாதைக்குத் தெக்கால இருக்கறது எங்காடுதான். ஏழடி உட்டுத் தர்றேன். எழுதிக்கோங்க."

"நீங்க ஆட்சேபணைக்கு வந்தவர் இல்லீங்களா?"

"ஆமா. பதினாறடிப் பாதையில இவன் செங்கல் லாரிய உட்டா எங்க வேலி என்னத்துக்கு ஆகும்? அதைத்தான் ஆட்சேபிக்கிறேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அந்த ஏழடியத் தானப் பத்திரமா எழுதித் தரணுங்க."

"தர்றேன். பத்திரத்துக்குப் பயந்தவங்க எங்க குடும்பத்துல இல்ல."

வெளியே நல்ல வெயில். நாச்சிமுத்து ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தான்.

"அண்ணா, வாங்க. ஒண்ணாப் போயிரலாம்."

அண்ணா.

"பஸ்ஸுல வந்தவன் பஸ்ஸுலயே போவேன்."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வளைவு வந்தபோதுதான் பார்த்தார். பின்னால் அந்தக் கார்.

சாலை அகலமாகத்தான் இருந்தது. கார் முந்தவில்லை.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. காரும் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அப்போதும் கார் பஸ்ஸின் முதுகை விடவில்லை.

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கின.

ஊருக்கு முந்தைய நிறுத்தத்தில் எழுந்தார்.

"பெரியவரே, உங்க ஊரு அடுத்த ஸ்டாப்புங்க," என்றார் கண்டக்டர்.

"தெரியும்," என்று இறங்கிக் காரின் பக்கம் நடந்தார்.