நூற்றிருபதாம் பக்கத்தில் செத்தவன்

"அந்தப் புஸ்தகம் இன்னிக்கே வேணும் மேடம். இல்லேன்னா நாளையிலேர்ந்து எனக்கு வேலை கிடையாது."

நூலகர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். எதிரே நின்றவளுக்கு ஐம்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை. விரல் நுனியெல்லாம் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. கேட்டதோ வேற்றுக் கிரகத்தைப் பற்றிய நாவல். அது இல்லாவிட்டால் போய்விடுகிற வேலை என்ன வேலையோ!

புத்தகம் தூரத்தில் இல்லை. ஜன்னலோர மேசையில், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் கையில் இருந்தது. இரண்டு வருஷமாக அதைத் தன் பேரிலேயே மறுபடி மறுபடி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'கிரகம்' என்று பெயர்.

அந்த நாவலை எழுதிய விஞ்ஞானக் கதை எழுத்தாளர் மொத்தம் பதினேழு நாவல் எழுதியிருக்கிறார். யாராவது அந்த அலமாரிப் பக்கம் போனால் போதும், "எதிலேர்ந்து ஆரம்பிச்சீங்க?" என்று கிரகம் மறித்துக்கொள்ளும். எதைச் சொன்னாலும் தப்பு. ஏழாவதிலிருந்து என்று சொல்லப்போன ஒரு நர்ஸ் அம்மா, அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அன்றிலிருந்து சமையல் புத்தகம் மட்டும் எடுத்துப் போகிறாள்.

"மாசக் கடைசி வரைக்கும் அது அவர் பேர்லதான் இருக்கு. நீங்களே கேட்டுப் பாருங்க. நயமாக் கேளுங்க," என்று அனுப்பி வைத்துவிட்டு, நூலகர் அம்மா காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

வாத்தியார் அன்றைக்கும் கேட்பதற்கு ஆள் பிடித்து வைத்திருந்தார். ஒருவர் மருந்துக்கடைக்காரர், இன்னொருவர் தபால்காரர்.

"சார், இந்தப் புஸ்தகம் வந்து..."

"ஆரம்பிக்கப் போறீங்களா? உட்காருங்க." அவள் விரல்களைப் பார்த்ததும் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். "இவர் எழுதினதுல இதுவரைக்கும் எது படிச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் படிச்சதில்லை சார். நேரமில்லை."

வாத்தியார் மற்ற இருவரையும் பார்த்து, பாவம் என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். பிறகு மடை திறந்தது. முதல் நாவல் சிறுபிள்ளைத்தனமாம். இரண்டாவது அவசரத்தில் கிறுக்கியதாம். மூன்றைத் தொட்டால் மூளை மழுங்கிப்போகுமாம். இதிலிருந்து ஆரம்பிக்கிறவன்தான் வாசகனாம், மற்றவனெல்லாம் பொழுதுபோகாமல் பக்கம் புரட்டுகிறவனாம்.

"ஏன் சொல்றேன்? கதாநாயகன் நூத்தி இருபதாம் பக்கத்துல செத்துப் போறான். சரியா? இன்னும் கொஞ்சம் புரட்டினா, அதே ஆள் உசிரோட உட்கார்ந்து செருப்பைத் தேடிட்டிருக்கான். காலத்தையே மடிச்சு வெச்சிருக்கார் மனுஷர். பக்க எண்ணைக்கூட விட்டுவைக்கலை. தொண்ணூத்தாறுக்கு அடுத்து நூத்திப் பதிமூணு! கணக்கு வாத்தியார் சொல்றேன், இது சாதாரண மூளை இல்லை."

அவள் விரல் விட்டு ஏதோ எண்ணினாள்.

"நூத்தி இருபத்தெட்டுக்கு அடுத்து தொண்ணூத்தேழு வருதா சார்?"

வாத்தியார் புரட்டிப் பார்த்தார். வந்தது.

"பாருங்கய்யா! நாலெழுத்து படிக்காதவங்க பிடிச்சுட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா மண்டையை ஆட்டிட்டிருக்கீங்க." பக்கத்திலிருந்த தடிமனான நோட்டைத் தட்டிக் காட்டினார். அந்த முப்பத்திரண்டு பக்கத்துக்கு மட்டும் எண்பது பக்கம் விளக்கம் எழுதி வைத்திருக்கிறாராம்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நோட்டைப் பார்த்தாள். அந்த இருவரையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ குடுங்க சார்."

"எதை?"

"இதைத்தான். வேற எதுல ஆரம்பிச்சாலும் தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க."

வாத்தியார் நெளிந்தார். குறிப்பு எடுக்க இன்னும் பாக்கி இருக்கிறது என்றார். அடுத்த மாதம் வாங்க என்றார். மண்டையை ஆட்டுகிறவர் என்று பேர் வாங்கிய மருந்துக்கடைக்காரருக்கு இதுதான் சமயம்.

"குடுங்க சார். ரெண்டு வருஷமா இதிலேர்ந்து ஆரம்பி, இதிலேர்ந்து ஆரம்பின்னு சொல்றீங்க. எங்க கையில ஒருநாள் குடுத்திருக்கீங்களா?"

பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார் வாத்தியார்.

அவள் நேரே நூலகர் அம்மாவிடம் வந்தாள். பையிலிருந்து அதே அட்டையோடு இன்னொரு பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இதை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், இது ஒழுங்காக இருக்கும் என்றாள்.

"ஒழுங்கான்னா?"

அவள் புத்தகம் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பதினாறு பதினாறு பக்கமாக மடித்து அடுக்கித் தைத்து, பசை தடவி அட்டை ஒட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்கும் முன்னால் ஒருநாள் ஏதோ நினைப்பில் இரண்டு அடுக்கை இடம் மாற்றி வைத்துவிட்டாள். பன்னிரண்டு புத்தகம் அப்படியே தைத்து வெளியே போய்விட்டது. பதினொன்று, இத்தனை நாளில் ஒவ்வொன்றாக, கண்டபடி திட்டிய கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டது. இந்த நூலகத்துக்குப் போன பன்னிரண்டாவதோடு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று முதலாளி இன்றைக்குக் கெடு வைத்திருக்கிறார்.

நூலகர் அம்மா சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கேயே போட்டு உடைச்சிருக்கலாமே! அந்த வாய்க்கு ஒரு பூட்டு விழுந்திருக்கும். ரெண்டு வருஷமா நாங்க படற பாடு உங்களுக்குத் தெரியாது."

"நாலு பேர் நடுவுல எதுக்கு மேடம்? வீட்டுல தனியா இருக்கறப்போ இந்த நல்ல பிரதியைப் படிச்சுத் தானா தெரிஞ்சுக்கட்டும்."

புத்தகத்தைப் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, ஜன்னலோர மேசையை ஒரு தடவை பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷமா புஸ்தகம் தைக்கிறேன். என் கைவேலையை மேதைமைன்னு சொன்ன முதல் ஆள் அவர். அவரைப் போய் நான் எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?"