இன்ஸ்பெக்டர் வண்டி போன பிறகு

திருச்செங்கோட்டுக்குத் திரும்பும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரின் மாட்டுவண்டி கிளப்பிய புழுதி இன்னும் ஜன்னல் வெயிலில் மிதக்கிறது. அவர் வரும் நாளில் மட்டும் சேரிப் பிள்ளைகளுக்கு வகுப்புக்குள் பெஞ்சு உண்டு. வண்டி கிளம்பியதும் தாழ்வாரத்துச் சாக்குக்கே போய்விட வேண்டும். மற்ற சேரிப் பிள்ளைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போகிறார்கள். "சட்டத்தின் முன் எல்லாரும் சமம்" என்று சற்றுமுன் கணீரென்று ஒப்பித்து அவரிடம் சபாஷ் வாங்கிய அங்காயி மட்டும் எழவில்லை. வாத்தியாரின் பிரம்பு மேசையைத் தட்டுகிறது. "அவருதான் போயிட்டாரல்ல, வெளிய போ புள்ள!" அங்காயி அவரை நிமிர்ந்து பார்க்கிறாள். "சட்டமும் அந்த வண்டியிலயே ஏறிப் போயிருச்சுங்களா, சார்?" பிரம்பு ஓங்குகிறது. அடி வாங்க வலக்கையை நீட்டுகிறாள். இடக்கை பெஞ்சை விடவே இல்லை.