ஆறாம் எண் ரோபோ

டிரைவர் வந்து சேர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. லேப் மேடம் கதவைச் சாத்திக்கொண்டு, தப்புத் தப்பாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷமாக, கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவள் புரோகிராம் எழுதத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். சோப்பு டப்பா அளவில் ரோபோ, அடியில் இரண்டு சக்கரம், முன்னால் தூரத்தை அளக்க இரண்டு கண்கள். திரையைப் பார்த்தால் தூங்கிவழிகிற பிள்ளைகள்கூட, எழுதியது தரையில் ஓடுகிறது என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். தப்பாக எழுதியது யார் என்று மேடம் சொல்லவே வேண்டாம். ரோபோ நேராகப் போய்ச் சுவரில் முட்டி ஊருக்கே சொல்லிவிடும்.

ஆறாம் எண் ரோபோ இந்த வருஷம் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. வாரா வாரம் முட்டும். வகுப்பே சேர்ந்து அவளுக்கு இடிராணி என்று பெயர் வைத்தது. அவள் சளைத்தவளா? எங்கப்பா பஸ் டிரைவர், பிரேக்கையெல்லாம் அவர் பார்த்துப்பார், எனக்கு ஆக்சிலேட்டர் போதும் என்பாள்.

நாலு நாள் காய்ச்சல். போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, நேற்றுதான் அவளுடைய அப்பா போன் செய்தார். மகள் எழுதிய ரோபோ ஓடுவதை ஒரே ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார். அந்தக் குரலிடம் முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தாராளமாக வாங்க என்று மேடம் சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் அந்த ரோபோவில் ஒன்றும் இருக்காது என்பது உறைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு ரோபோக்களின் மெமரியையும் சுத்தமாக அழித்துவிடுவது அந்த லேபின் வழக்கம். அடுத்து வருகிற பிள்ளைகள் காப்பியடித்துவிடக் கூடாதே. மேடமே போட்ட சட்டம். அந்தப் பெண் எழுதியதில் ஒரு வரிகூட எங்கேயும் மிச்சமில்லை.

அதனால்தான் இந்தத் திருட்டு வேலை.

அவள் எப்படி எழுதுவாள் என்பது மேடத்துக்கு மனப்பாடம். வேகத்துக்குச் 'சித்தப்பா' என்று பெயர் வைப்பாள், அவர் பைக் ஓட்டுகிற லட்சணத்துக்காக. சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு அடிக்கும் பார்க்கச் சொல்லி எழுத வேண்டும். அவளோ புறப்படும்போது ஒரே ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டு அதோடு மறந்துவிடுவாள். எத்தனை தடவை விளக்கினாலும் தலையைத் தலையை ஆட்டுவாள், மறுபடியும் அதே தப்பு.

மேடம் அந்தத் தப்பை அப்படியே எழுதினாள். பழகின கை சரியாக எழுதத்தான் பார்த்தது. இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. அழுகை வேறு வந்தது.

டிரைவர் டியூட்டி முடிந்த கையோடு வந்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டால் வேண்டாம் என்று சொல்லித் தரையிலேயே குந்திக்கொண்டார். மேடம் திரையைக் காட்டினாள். அதில் 'சித்தப்பா' என்று இருந்ததைப் பார்த்ததும் அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. தம்பியிடம் சொல்ல வேண்டும் என்றார்.

மேடத்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பொத்தானை அழுத்தினாள்.

ரோபோ கிர்ரென்று கிளம்பியது. நேராகப் போனது. வேகத்தைக் குறைக்கவே இல்லை. சுவரில் முட்டி, பின்வாங்கத் தெரியாமல், சக்கரம் சுழலச் சுழல அங்கேயே நின்று முனகியது.

அவர் சிரிப்பார் என்று மேடம் நினைத்திருந்தாள். என் மகளேதான் என்பார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், கிளம்பிவிடுவார்.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை விடச் சொன்னார். அப்போதும் முட்டியது.

"காய்ச்சல் வர்றதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் வராததுமா, அப்பா, இன்னைக்கு பிரேக் பிடிச்சிடுச்சு, சுவத்துக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுடுச்சுன்னு ஒரே குதி. அதைப் பாக்கத்தான் வந்தேன் மேடம். என் மனசு குளிரட்டும்னு சும்மா சொல்லியிருக்கா போல."

செத்துப்போன பெண்ணை அவள் அப்பா முன்னாலேயே பொய் சொன்னவளாக்கிவிட்டோமே என்று மேடத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

ரோபோவைக் கையில் எடுத்து நிறுத்தினாள். லேபின் வழக்கத்தைச் சொன்னாள், எல்லாம் அழிந்துபோனதைச் சொன்னாள், சற்று முன்னால் தானே உட்கார்ந்து எழுதியதைச் சொன்னாள். முட்டியது என்னுடைய புரோகிராம், உங்கள் மகளுடையது இல்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு, எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

அவர் திட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது.

"அப்ப நிஜமாவே நின்னுச்சா? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேங்க. ஒரு சாண் முன்னாடியே நின்னுச்சு."

அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். வேறெதுவும் கேட்காமல், வந்ததைவிட லேசாக நடந்து போனார். மேடம் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, மணி அடித்த பிறகு, அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, ஒரே ஒரு நிமிஷம் வந்து பாருங்க மேடம் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பாக்கலாம் என்று சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த ரோபோவை வாங்கி, அதில் இருந்ததை மற்றவற்றோடு சேர்த்து அழித்துவிட்டாள்.