தலைக்கட்டுக்கு ஒரு பங்கு

கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதைப் போல, எங்கள் தெருவில் முத்துப்பேச்சியின் ஏக்கத்தை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொண்டோம். பத்தொன்பது வயதுப் பிள்ளை. போதை மாத்திரையை விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. தினமும் மாலை நான்கு மணிக்கு ஏக்கம் வந்து அவளை உலுக்கும். இன்னொரு நாள் தனியாகத் தாங்க மாட்டாள் என்று சொல்லி, நர்ஸம்மா ஐம்பத்தெட்டு வீட்டிலும் ஒவ்வொருவர் மணிக்கட்டில், அவள் ஏக்கத்தைப் பங்கு போட்டு உடம்பில் ஏற்றும் பட்டையைக் கட்டிவிட்டார்.

"மனசுல உறுதியில்லாத புள்ளைக்காக ஊரே சுமக்கணுமாக்கும்," என்று சலித்துக்கொண்டுதான் கடைக்கார வைரவன் கையை நீட்டினான்.

மணி நான்கானது. துணி தேய்ப்பவர் பெட்டியை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இளவயதில் சிறுத்தையோடு ஒரே போர்வையில் தூங்கிய எனக்கே சுவர்ச் சுண்ணாம்பை நக்கினால் தேவலை என்றிருந்தது. தெருநாய்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றன. வைரவன் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். முத்துப்பேச்சி மட்டும் தன் வீட்டு வாசலில் அமைதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் அடங்கியது. வைரவன் தள்ளாடிக்கொண்டே போய் அவள் முன்னால் நின்றான். நாங்களும் பின்னால் போனோம்.

"ஏட்டி, நான் பட்டது ஐம்பத்தெட்டுல ஒரு பங்கு. முழுசையும் நீ ஒத்தையிலயா சுமந்த? பதினோரு நாளா?"

அவள் தலையாட்டினாள். "நாளைக்கும் வருமே, அண்ணாச்சி."

வைரவன் பட்டையைக் கழற்றவில்லை.

"வரட்டும். எனக்கு ரெண்டு பங்கா வைக்கச் சொல்லு."