ஒரு தோட்டத்துச் சொக்லேட்

"அக்கா, நீங்களோ? இங்கையோ?"

கமலேஸ்வரிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கூட வேலை செய்யும் மெலனியின் பிறந்தநாளென்று, வைனையும் சொக்லேட்டையும் சேர்த்து ருசி பார்க்கும் வகுப்புக்கு, நகரத்தின் மறுகோடியிலிருக்கும் டூட்டிங்குக்கு வந்திருந்தாள். மூலை மேசையில், நெற்றியில் திருநீறும் கையில் சிவப்பு வைனுமாக இருந்தது, கிங்ஸ்பரியில் அவளுடைய பக்கத்து வீட்டுத் தவநாயகி.

"சனிக்கிழமையில தங்கச்சி வீட்டை போறன் எண்டு சொல்லுறது இதுக்கோ?"

"மெல்லக் கதை பிள்ளை. அங்கை பார்."

வகுப்பை நடத்திக்கொண்டிருந்தவள் சிவரூபினி. தவநாயகியின் ஒரே மகள். பார்மசி வேலையை விட்டுவிட்டு வைன் படிக்கப் போகிறேன் என்று நின்றவள்.

"குடி வார்த்துக் குடுக்கிறவள் எனக்குப் பிள்ளையில்லை" என்று தகப்பன் கனகலிங்கம் கதவைச் சாத்தி மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரை எடுத்ததில்லை.

"அவளோட கதைக்கமாட்டன் எண்டு அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்" என்றாள் தவநாயகி. "கேட்டுக்கொண்டிருக்கிறதுக்குச் சத்தியம் இல்லைத்தானே."

சிவரூபினி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இது மடகாஸ்கரில் ஒரே ஒரு தோட்டத்திலிருந்து மட்டும் வந்த கொக்கோ. கடிக்காதீர்கள். நாக்கில் வைத்துப் பொறுத்திருங்கள். முதலில் கசக்கும். கரையக் கரையப் பழப்புளிப்பு வரும். அப்போது இந்த இனிப்பு வைனில் ஒரு மிடறு."

ஒவ்வொரு மேசையாக வந்தவள் இங்கேயும் நின்றாள்.

"பிடிச்சிருக்கோ, அம்மா?"

தவநாயகி தலையை மட்டும் ஆட்டினாள். மகளின் விரல்கள் கிளாஸை நேராக வைப்பதுபோல் அவள் கையைத் தொட்டுவிட்டு, அடுத்த மேசைக்குப் போயின.

கிளாஸில் வைன் குறையவேயில்லை.

"அவருக்குச் சொல்லிப்போடாதை" என்றாள் தவநாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கமலேஸ்வரி தலையாட்டினாள். ஆனால் அவள் வாய் ஒருநாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் காலை கனகலிங்கம் முன்வாசலில் செடி வெட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, சொல்லாமல் இருக்க ஏலாது. அக்கா நேற்றுத் திருநீற்றோட வைன் கடையில இருந்தவ. வார்த்துக் குடுக்கிறது ஆரெண்டு நினைக்கிறீங்கள்? உங்கட மகள்!"

கனகலிங்கத்தின் முகம் இறுகியது. கத்தரிக்கோலைக் கீழே போட்டார்.

"நீ நேரில பார்த்தனியோ?"

"ஓம் அண்ணை. அவள் சொக்லேட்டைப் பற்றிச் சொல்லுறாள், வெள்ளைக்காரர் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேக்கினம். அக்காவும்தான்!"

பெரிய சண்டை வரப்போகிறது என்று கமலேஸ்வரி ஒரு அடி பின்னால் போனாள்.

அவர் திரும்பி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தவநாயகி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை என்ன சொன்னவள்? முதலில இருந்து, ஒரு சொல்லும் விடாமல் சொல்லு பாப்பம்."